பைருவேட் கைனேஸ் எம்2: குப்பிக்குள் ஒன்று, செல்லுக்குள் வேறொன்று

பைருவேட் கைனேஸ் எம்2 என்ற நொதியைப் பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த ஆய்வுக் கட்டுரைகளை வரிசையாகப் படிப்பவருக்குத் தலை சுற்றும். புற்றுநோய்க் கட்டி வளர இந்த நொதி தேவை என்கிறது ஒரு கட்டுரை. இந்த நொதியை நீக்கிய எலிகளுக்குத்தான் கட்டி சீக்கிரம் வந்தது என்கிறது இன்னொன்று. இது செல்லின் உட்கருவுக்குள் புகுந்து மற்றப் புரதங்கள் மீது பாஸ்பேட் ஏற்றுகிறது என்று ஒரு குழு எழுதுகிறது. எவ்வளவு தேடியும் அப்படி ஒரு வேலை நடப்பதைக் காணோம் என்கிறது மற்றொரு குழு. எழுதியவர்கள் யாரும் அரைகுறைகள் அல்லர். எல்லாமே முன்னணி இதழ்களில் வந்தவை.

இந்தச் சண்டையில் எல்லாத் தரப்பும் கையாளும் பொருள் ஒன்று உண்டு. மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அது செய்து தரும் நொதியைப் பிரித்தெடுத்து, சின்னக் குப்பிகளில் உறையவைத்த கரைசல். மறுசேர்க்கை நொதி என்பது இதைத்தான். இன்று இதைச் சொந்தமாகத் தயாரிக்கும் ஆய்வகங்களும் உண்டு, விலைக்கு வாங்கும் ஆய்வகங்களும் உண்டு. குப்பிக்குள் இருக்கும் இந்த நொதி, மனித செல்லுக்குள் இருக்கும் நொதியைப் பற்றி எதுவரை உண்மை சொல்லும், எந்த இடத்தில் அதன் சாட்சியம் செல்லாது என்பதே இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

நொதியின் வேலை எளிமையானது. செல்லுக்குள் குளுக்கோஸ் பத்துப் படிகளில் பைருவேட்டாக உடைகிறது. பத்தாவது படி இதனுடையது. பாஸ்போ-ஈனால்-பைருவேட் என்ற மூலக்கூறில் (ஆய்வகப் பேச்சில் ‘பெப்’) இருக்கும் பாஸ்பேட்டைப் பிடுங்கி அடினோசின் டைபாஸ்பேட் மீது வைக்கிறது. டைபாஸ்பேட் ட்ரைபாஸ்பேட் ஆகிறது. பெப் பைருவேட் ஆகிறது. இதற்கு மெக்னீசியமும் பொட்டாசியமும் வேண்டும். பொட்டாசியத்தின் தேவையை 1942இல் கண்டு சொன்னவர்களில் ஒருவர் அப்போது விஸ்கான்சினில் மாணவராக இருந்த பால் போயர். 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது வேறொரு நொதிக்காக.

மனித உடலில் பைருவேட் கைனேஸுக்கு நான்கு வடிவங்கள். முதல் குரோமோசோமில் உள்ள மரபணு ஈரலுக்கான எல் வடிவத்தையும் சிவப்பணுவுக்கான ஆர் வடிவத்தையும் தருகிறது. 15ஆம் குரோமோசோமில் உள்ள மரபணு எம்1, எம்2 என்ற இரண்டைத் தருகிறது. தசையிலும் மூளையிலும் எம்1. கருவிலும், பெருகும் செல்களிலும், பெரியவர்களின் நுரையீரல், மண்ணீரல் போன்ற பல திசுக்களிலும் எம்2. ஒரே மரபணுவிலிருந்து இரண்டும் வருவதை 1986இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியில் காட்டினார்கள். ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும்போது ஒன்பதாவது துண்டை வைத்தால் எம்1, பத்தாவது துண்டை வைத்தால் எம்2. 531 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் இரண்டுக்கும் இடையே மாறுவது 22 மட்டுமே.

அந்த 22 செய்கிற வித்தியாசம் பெரிது. எம்1 எப்போதும் முழு வேகத்தில் இருக்கும். எம்2வுக்கு ஒரு பிடி வேண்டும். சர்க்கரைப் பாதையின் மூன்றாம் படியில் பிறக்கும் ஃப்ரக்டோஸ் பிஸ்பாஸ்பேட் வந்து அதன் பக்கவாட்டுக் குழியில் உட்கார்ந்தால் நான்கு அலகுகளும் இறுகச் சேர்ந்து எம்2 வேகமெடுக்கும், இல்லையேல் மந்தம். வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற இந்தத் தன்மைதான் புற்றுநோய் ஆய்வாளர்களை இதன்பால் இழுத்தது. கட்டிகள் பிராண வாயு இருக்கும்போதே குளுக்கோஸை லாக்டேட்டாக்கித் தள்ளுகின்றன என்று ஓட்டோ வார்பர்க் 1920களில் பெர்லினில் அளந்து காட்டியிருந்தார். அந்தப் புதிருக்கு எம்2 விடை தரக்கூடும் என்ற நம்பிக்கை அதன்மேல் ஏறியது.

பாக்டீரியா வேலைக்கு வருவதற்கு முன்

மறுசேர்க்கைத் தொழில்நுட்பம் வருமுன் இந்த நொதிக்கு ஒரே வழி திசுவை அரைப்பதுதான். முயலின் தசையிலிருந்து எடுத்த பைருவேட் கைனேஸ் இன்றுவரை விற்பனையில் இருக்கிறது. வேறு நொதிகளை அளக்கும் சோதனைகளில் துணை நொதியாக அதை ஊற்றாத உயிர்வேதியியல் ஆய்வகம் அரிது. ஆனால் அது எம்1. எம்2 வேண்டுமென்றால் கட்டியை அரைக்க வேண்டும். கட்டியில் ரத்தம் உண்டு, தசை உண்டு, இணைப்புத் திசு உண்டு. ஆக எம்1, ஆர் எல்லாம் கலந்தே வரும். ஜெர்மனியின் கீசன் நகரில் ஐகன்பிராட் குழுவினர் இந்தச் சிரமத்தோடுதான் பல ஆண்டுகள் உழைத்து, கட்டியில் எம்2 நான்கலகு வடிவத்திலிருந்து இரண்டலகு வடிவத்துக்குச் சாய்கிறது என்ற கருத்தை முன்வைத்தார்கள். அதிலிருந்து மலத்தில் எம்2வை அளக்கும் ஒரு பரிசோதனையே சந்தைக்கு வந்தது.

1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் பாக்டீரியாவுக்குள் அந்நிய மரபணுவை ஏற்றிக் காட்டினார்கள். 1986இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் ஸ்டூடியரும் மொஃபாட்டும் டி7 வைரஸின் ஆர்என்ஏ பாலிமரேஸைக் கொண்டு பாக்டீரியாவை ஒரே புரதத்தை அள்ளிக் குவிக்கச் செய்யும் முறையை வெளியிட்டார்கள். அதே பத்தாண்டில் ஹிஸ்டிடின் வால் ஒட்டிய புரதத்தை நிக்கல் ரெசினில் பிடிக்கும் வழியும் வந்தது. இந்த மூன்றும் சேர்ந்தபின் மனித எம்2வைக் கிராம் கணக்கில் வேண்டுமானாலும் செய்யலாம். அதைவிடப் பெரிய வசதி, 531இல் ஏதாவது ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றி என்ன ஆகிறது என்று பார்க்கலாம். முயல் தசை இந்த வசதியை ஒருநாளும் தந்திருக்காது.

குப்பிக்குள் என்ன இருக்கிறது

தயாரிப்பு முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கேள்விக்கான விடையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

பிஎல்21 வகை ஈ.கோலையில் பிளாஸ்மிட்டை ஏற்றி, கலங்கல் தக்க அளவு வரும்வரை 37 டிகிரியில் வளர்க்கிறார்கள். பிறகு வெப்பத்தைக் குறைத்து ஐபிடிஜி என்ற தூண்டுபொருளைச் சேர்த்தால், பாக்டீரியா இரவெல்லாம் மனித நொதியைச் செய்துகொண்டே இருக்கும். காலையில் மையவிலக்கில் சுற்றினால் குடுவையின் அடியில் வெளிறிய பழுப்புப் பசை. ஒலி அலையால் அதை உடைத்து, தெளிந்த நீரை நிக்கல் ரெசின் மீது ஓட்டுவார்கள். வாலுள்ள நொதி ஒட்டிக்கொள்ளும், மற்றவை ஓடிவிடும். இமிடசோல் ஊற்றினால் நொதி கழன்று வரும். ஜெல்லில் ஓட்டிச் சாயமிட்டால் 58 கிலோடால்டன் அருகே ஒரே கோடு தடிமனாகத் தெரியும். தூய்மை 95 சதவீதத்துக்கு மேல் என்று குப்பியில் சீட்டு ஒட்டப்படும்.

சீட்டு பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொல்லாமல் விடுவது நிறைய.

முதலாவது, ஈ.கோலைக்கும் சொந்தமாகப் பைருவேட் கைனேஸ் உண்டு, ஒன்றல்ல, இரண்டு. அவற்றில் பிஒய்கேஎஃப் என்ற மரபணு தருவதை முடுக்குவதும் இதே ஃப்ரக்டோஸ் பிஸ்பாஸ்பேட்தான்! மிச்ச ஐந்து சதவீதத்தில் அது ஒளிந்திருந்தால், சோதனைக் குழாயில் மனித எம்2வின் குணத்தையே காட்டும். இயல்பான எம்2வை அளக்கும்போது இது பெரிய தொல்லை இல்லை. வேகம் மிகக் குறைந்த ஒரு திரிபு நொதியை அளக்கும்போதுதான் ஆபத்து. அந்தக் கொஞ்சநஞ்ச வேகம் யாருடையது? முற்றிலும் செயலிழந்த ஒரு திரிபையும் அதே முறையில் சுத்தம் செய்து பக்கத்தில் வைத்து அளந்தால் சந்தேகம் தீரும். இதைச் செய்ததாகச் சொல்லும் கட்டுரைகள் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

இரண்டாவது இதைவிட நுட்பமானது. பாக்டீரியாவும் இதே சர்க்கரைப் பாதையை நடத்துவதுதான். அதன் உள்ளேயும் ஃப்ரக்டோஸ் பிஸ்பாஸ்பேட் தாராளமாக இருக்கிறது. எம்2வின் குழி அதை நானோமோலார் அளவிலேயே பிடித்துக்கொள்ளும். விளைவு, பாக்டீரியாவை உடைத்து, கழுவி, பிரித்து எடுத்த பிறகும் நொதியின் ஒரு பகுதி அந்த மூலக்கூறைக் குழியில் வைத்துக்கொண்டே வருகிறது. லண்டனின் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் அனஸ்டாசியூ குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே தொடங்குகிறது. முடுக்கி சேர்க்காத நொதி, சேர்த்த நொதி என்று இரண்டு கம்பிகளை ஒப்பிட்டு வரைபடம் போடும் கட்டுரைகளில், முதல் கம்பியே ஓரளவு முடுக்கப்பட்டதாக இருக்கக்கூடும் என்பதுதான் இதன் பொருள்.

மூன்றாவது, செறிவு. சோதனைக் குழாயில் நொதியை நானோமோலார் அளவுக்கு நீர்க்கச் செய்தே அளக்கிறோம்; இல்லாவிட்டால் வினை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். நீர்க்கும்போது நான்கலகு கூட்டம் கலையத் தொடங்கும். செல்லுக்குள் எம்2வின் செறிவு பல மடங்கு அதிகம், அங்கே கூடி நிற்பது எளிது. ஆகவே குழாயில் ஒரு சேர்மம் நொதியைக் கூட்டுகிறது என்று கண்டால், செல்லிலும் அதற்கு அந்த வேலை மிச்சம் இருக்குமா என்ற கேள்வி எழ வேண்டும். பெப்பின் அளவும் இப்படித்தான். பெப்பைத் தாராளமாக ஊற்றினால் எம்2வும் எம்1ஐப் போலவே ஓடும். முடுக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியாது. பெப்பைக் குறைத்து வைத்தால்தான் எம்2வின் உண்மையான குணம் வெளிப்படும். குப்பியில் ‘மில்லிகிராமுக்கு இத்தனை யூனிட்’ என்று எழுதியிருப்பது எந்த நிலையில் அளந்த எண் என்று தெரியாதவரை அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை.

அளக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம். பைருவேட்டை நேராகப் பார்க்க முடியாது. ஆகவே லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்ற இன்னொரு நொதியைக் கூடவே ஊற்றுகிறார்கள். அது பைருவேட்டை லாக்டேட்டாக்கும்போது என்ஏடிஎச் செலவாகும். என்ஏடிஎச் 340 நானோமீட்டர் ஒளியை விழுங்கும் பொருள். அது குறையக் குறைய ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் கோடு இறங்கும். அந்த இறக்கத்தை 6220 என்ற எண்ணால் வகுத்தால் வேகம் கிடைக்கும். அழகான முறைதான். ஆனால் நாம் சோதிக்கும் மருந்து துணை நொதியைத் தடுத்தாலும் கோடு அதே போல மெதுவாகத்தான் இறங்கும். பழி எம்2 மீது விழும். துணை நொதியை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டிப் பார்ப்பது அரை மணி நேர வேலை.

கடைசியாக, பாக்டீரியா செய்யாதவை. மனித செல்லில் எம்2வின் 105ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறினால் முடுக்கி நிற்காமல் கழன்றுவிடும் என்று 2009இல் எமரி பல்கலைக்கழகக் குழு காட்டியது. 305ஆம் லைசினில் அசிட்டைல் ஏறுவதை 2011இல் ஷாங்காயில் கண்டார்கள். அதே ஆண்டு அனஸ்டாசியூவும் சகாக்களும் 358ஆம் சிஸ்டீன் ஆக்சிஜன் தாக்குதலால் மாறும்போது நொதி மந்தமாவதையும், அதனால் செல் ஆக்சிஜன் சேதத்திலிருந்து தப்புவதையும் காட்டினார்கள். ஈ.கோலை தரும் எம்2வில் இந்த அலங்காரங்கள் எதுவும் இல்லை. சிஸ்டீன் விஷயம் மட்டும் எதிர்ப்பக்கமாகவும் கடிக்கும்: சிஸ்டீனை ஆக்சிஜனிலிருந்து காக்கும் டிடிடி போடாமல் குப்பியை அடிக்கடி உருக்கி உறையவைத்தால் காற்றே அந்த மாற்றத்தைச் செய்துவிடும்.

குப்பி சரியாகச் சொன்னவை

இவ்வளவு குறைகளைச் சொன்னதால் மறுசேர்க்கை நொதியை ஒதுக்கிவிடச் சொல்கிறேன் என்று கொள்ள வேண்டாம். எம்2வின் வடிவத்தைப் பற்றி நாம் உறுதியாக அறிந்த எல்லாமே அதன் வழியாக வந்தவை.

2005இல் டொம்ப்ராக்கஸ், சான்டார்சியரோ, மெசெக்கர் மூவரும் சிகாகோவில் மனித எம்2வைப் படிகமாக்கி, முடுக்கி எந்தக் குழியில் எப்படி உட்காருகிறது என்று அணு அணுவாகக் காட்டினார்கள். 22 அமினோ அமில வித்தியாசம் ஏன் எம்1ஐ அசைப்பதில்லை என்பதும் அதில் விளங்கியது. 2012இல் கிளாஸ்கோவில் செரின் என்ற அமினோ அமிலமும் எம்2வை முடுக்குகிறது என்று கண்டார்கள்; அது ஒட்டும் இடம் வேறு. ஃபீனைல்அலனின் தடுக்கிறது. முன்சொன்ன 2019 ஆய்வு இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து, செல்லுக்குள் ஃப்ரக்டோஸ் பிஸ்பாஸ்பேட் எப்போதும் தேவைக்கு மேலேயே இருப்பதால் எம்2வின் வேகத்தை உண்மையில் ஆட்டுவிப்பவை இந்த அமினோ அமிலங்களாக இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. குழாயில் கிடைத்த எண்ணையும் செல்லில் அளந்த எண்ணையும் அருகருகே வைத்ததால் கிடைத்த முடிவு அது. நான் படித்தவற்றில் ஆகச் சிறந்த உழைப்பு என்று இதைத்தான் சொல்வேன்.

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பமேசாய் குழு செய்ததும் இந்த வகையைச் சேர்ந்தது. புளூம் நோய்க்குறி என்ற அரிய மரபணுக் கோளாறு கொண்டவரின் செல்களில் எம்2வில் இரண்டு திரிபுகளைக் கண்டார்கள்: 391ஆம் ஹிஸ்டிடின் டைரோசினாகவும், 422ஆம் லைசின் ஆர்ஜினினாகவும் மாறியவை. இரண்டையும் பாக்டீரியாவில் செய்து சுத்தப்படுத்தி, இயல்பான நொதியோடும் சேர்த்து வெளிப்படுத்திப் பார்த்தார்கள். திரிந்த அலகு நல்ல அலகோடு கூடி, அதன் வேலையையும் கெடுப்பதைக் காண முடிந்தது. நோயாளியின் செல் சாற்றை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரித்தறிந்திருக்க முடியாது.

மறுசேர்க்கை நொதியின் மிகப் பெரிய வெற்றி எம்2வில் வரவில்லை. அதன் உடன்பிறப்பான ஆர் வடிவத்தில் வந்தது. பைருவேட் கைனேஸ் குறைபாடு என்ற பரம்பரை ரத்தசோகை 1961இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ட்ரைபாஸ்பேட்டுக்குச் சர்க்கரைப் பாதை ஒன்றே கதி. கடைசிப் படி தளர்ந்தால் அணு காலத்துக்கு முன்பே அழிகிறது. வட ஐரோப்பியரிடம் அதிகம் காணும் திரிபில் 510ஆம் ஆர்ஜினின் குளூட்டமினாகிறது. 2001இல் அந்தத் திரிபைப் பாக்டீரியாவில் செய்து அளந்தபோது ஓர் ஆச்சரியம்: நொதியின் வினைத்திறன் கிட்டத்தட்ட இயல்பாகவே இருந்தது. போனது உறுதி. சூடு பட்டால் சீக்கிரம் சிதைந்தது. புதுப் புரதம் செய்ய வழியில்லாத சிவப்பணு, சிதைந்ததை ஈடுகட்ட முடியாமல் தவிக்கிறது.

நோய் எதுவென்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தபின் மருந்தின் வேலையும் தெளிவாயிற்று: நான்கு அலகுகளையும் இறுகப் பிடித்துவைக்கும் ஒரு மூலக்கூறு. அமெரிக்காவின் ஏஜியோஸ் நிறுவனம் மறுசேர்க்கை நொதிகளை வைத்துத் தேடி உருவாக்கிய மிட்டாபிவாட், 2022 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்றது. 80 பேரிடம் நடந்த சோதனையில் மருந்து பெற்ற 40 பேரில் 16 பேருக்கு ஹீமோகுளோபின் தக்க அளவு உயர்ந்தது; போலி மாத்திரை பெற்ற 40 பேரில் ஒருவருக்குக்கூட உயரவில்லை. புரதமே உருவாகாத வகைத் திரிபுகள் இரண்டும் உள்ளவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. பிடித்துவைக்க ஒரு நொதியாவது அணுவில் இருந்தாக வேண்டும் அல்லவா?

குப்பியின் சாட்சியம் செல்லாத இடம்

எம்2வுக்குத் திரும்புவோம். 2008இல் ஹார்வர்டின் லூயிஸ் கான்ட்லி ஆய்வகத்திலிருந்து நேச்சர் இதழில் ஒரே நேரத்தில் இரண்டு கட்டுரைகள் வந்தன. முதலாசிரியர் ஹெதர் கிறிஸ்டோஃப்க். ஒன்றில், பாஸ்பேட் ஏறிய டைரோசின் கொண்ட புரதங்கள் எம்2வோடு ஒட்டி முடுக்கியைக் கழற்றிவிடுவதாகக் காட்டினார்கள். மற்றொன்றில், நுரையீரல் புற்றுநோய்ச் செல்களில் எம்2வை அடக்கி எம்1ஐ வைத்தால் லாக்டேட் குறைந்து, எலிகளில் கட்டி வளர்வதும் குறைவதைக் காட்டினார்கள். விளக்கம் கவர்ச்சியானது. கடைசிப் படி மந்தமானால் அதற்கு மேலே உள்ள சரக்கெல்லாம் தேங்கும். தேங்கிய சரக்கைக் கட்டி, நியூக்ளியோடைடும் செரினும் செய்யத் திருப்பிக்கொள்ளும்.

அப்புறம் என்ன, எம்2 புகழ் ஏறியது. கூட்டத்தைக் கலைப்பது கட்டிக்கு நல்லது என்றால், கூட்டி வைப்பது மருந்தாகும் என்ற கணக்கில் முடுக்கிச் சேர்மங்கள் வந்தன. 2012இல் அவற்றில் ஒன்று எலிகளில் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தது. அது நான்கு அலகுகளையும் கூட்டி வைப்பதைப் படிக அமைப்பும் உறுதி செய்தது. எனினும் மனிதப் புற்றுநோய்க்கு அந்த வழியில் அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்னும் வரவில்லை.

அடித்தளத்திலேயே விரிசல் விழத் தொடங்கியிருந்தது. நல்ல திசு எம்1ஐயும் கட்டி எம்2வையும் வைத்திருக்கும் என்பது பாடப்புத்தகம்போல் ஆகியிருந்தது. 2011இல் மார்க்குஸ் ரால்சர் குழு நிறை நிறமாலை கொண்டு, கட்டியையும் அதே உறுப்பின் நல்ல திசுவையும் அருகருகே அளந்தது. எம்2தான் இரண்டிலும் மேலோங்கியிருந்தது. மாற்றம் நடந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. 2013இல் மேத்யூ வாண்டர் ஹைடன் ஆய்வகத்தினர் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகும் எலிகளில் எம்2வை மட்டும் நீக்கினார்கள். கட்டி குறையவில்லை, விரைந்து வந்தது. 2016இல் உடல் முழுவதும் எம்2 இல்லாத எலிகள் பிறந்து வளர்வதையும், வயதானபின் அவற்றின் ஈரலில் கட்டி தோன்றுவதையும் கண்டார்கள். 2008 கட்டுரையின் ஆசிரியர்களில் வாண்டர் ஹைடனும் ஒருவர். தன் பெயரில் வந்த கருத்தைத் தானே உரசிப் பார்க்கும் நேர்மை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

உட்கருக் கதையின் போக்கும் கவனிக்கத் தக்கது. 2012இல் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகக் குழு, இரண்டலகு எம்2 பெப்பின் பாஸ்பேட்டை ஸ்டாட்3 புரதத்தின் மீது ஏற்றுவதாக எழுதியது. அதே ஆண்டு எம்.டி. ஆண்டர்சன் மையத்திலிருந்து, ஹிஸ்டோனின் மீதும் ஏற்றுவதாக ஒரு கட்டுரை வந்தது. இவற்றில் மறுசேர்க்கை எம்2வும் இலக்குப் புரதமும் குழாயில் சந்தித்தன; பாஸ்பேட் ஏறியது தெரிந்தது. செல் சோதனைகளும் ஆதரித்தன. 2015இல் வாண்டர் ஹைடன் ஆய்வகத்தின் ஹோசியோஸ் கதிரியக்கப் பாஸ்பேட் கொண்ட பெப்பை எடுத்து இதைத் திரும்பச் செய்தார். சில புரதங்களில் கதிரியக்கம் ஏறத்தான் செய்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டைபாஸ்பேட் இருந்தால்தான் ஏறியது. எம்2 மரபணுவையே நீக்கிய செல்களின் சாற்றிலும் ஏறியது. எம்2வை நம்பி ஏறியது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. டைபாஸ்பேட் தேவைப்பட்டது என்பதில்தான் துப்பு இருக்கிறது. பெப்பிலிருந்து பாஸ்பேட் முதலில் டைபாஸ்பேட் மீது போய் ட்ரைபாஸ்பேட்டாகும். இது பைருவேட் கைனேஸின் பழைய வேலைதான். பிறகு சாற்றில் இருக்கும் ஏதோ ஒரு சாதாரண கைனேஸ் அதை எடுத்துப் புரதத்தில் ஒட்டியிருக்கும். கூட்டுக் குடும்பத்தில் யார் செய்த சமையல் என்று தெரியாமல் மூத்த மருமகளுக்குப் பேர் வந்த கதை.

இதோடு அந்த விவாதம் முடிந்துவிடவில்லை. எம்2 உட்கருவில் இருக்கிறது என்பதையும், பிற புரதங்களோடு ஒட்டி அவற்றின் வேலையை மாற்றுகிறது என்பதையும் பலர் பலவிதமாகக் காட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் தவறென்று நான் சொல்லவில்லை. பாஸ்பேட்டை நேராக ஏற்றும் வேலைக்குத் தரப்பட்ட சான்று போதாது என்பதே என் கணிப்பு. மறுப்பைக் கொண்டுவந்ததும் மறுசேர்க்கை நொதிதான் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே கருவி. ஒரு தரப்பு அதை வைத்து ‘முடியுமா’ என்று கேட்டது. மறு தரப்பு ‘இது இல்லாவிட்டால் நிற்குமா’ என்று சேர்த்துக் கேட்டது.

ஆர் வடிவத்தில் குப்பி நம்மை மருந்துவரை கொண்டுசேர்த்ததற்கும், எம்2வில் பாதியில் விட்டதற்கும் காரணம் கேள்வியின் தன்மை. சிவப்பணு நோயில் பழுது நொதியிலேயே இருக்கிறது. உறுதி குறைந்த புரதம் குழாயிலும் உறுதி குறைந்ததுதான், ரத்தத்திலும் உறுதி குறைந்ததுதான். அங்கே அளந்தது இங்கே பொருந்தும். புற்றுநோயில் நொதி பழுதாகவே இல்லை. அதைச் சுற்றியுள்ள சர்க்கரை, அமினோ அமிலம், ஆக்சிஜன், ஒட்டும் புரதங்கள் எல்லாம் மாறியிருக்கின்றன. அவற்றையெல்லாம் கழுவிக் களைந்துவிட்டுத்தான் குப்பியில் அடைக்கிறோம். பிறகு களைந்ததைப் பற்றி அதனிடமே கேட்டால் அது என்ன சொல்லும்?

நொதி வேக அளவுகளை வெளியிடும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஜெர்மனியின் பைல்ஸ்டைன் நிறுவனத்தின் ஆதரவில் ஸ்ட்ரெண்டா என்ற வழிகாட்டி நெடுங்காலமாக இருக்கிறது: வெப்பம், அமிலத்தன்மை, நொதியின் செறிவு, எங்கிருந்து வந்த நொதி, எப்படிச் சுத்தம் செய்தது. எம்2 விஷயத்தில் இவற்றோடு இன்னும் சில சேர வேண்டும். ஹிஸ்டிடின் வாலை வெட்டினார்களா, விட்டுவிட்டார்களா? குழியில் ஒட்டிவந்த ஃப்ரக்டோஸ் பிஸ்பாஸ்பேட் எவ்வளவு? சிஸ்டீனைக் காக்க என்ன போட்டார்கள்? பெப் எந்த அளவில் இருந்தது? செயலற்ற திரிபை ஒப்பீட்டுக்கு ஓட்டினார்களா? இந்த ஐந்தும் இரண்டு வரியில் அடங்கும் செய்தி. இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்ப இதழ்களுக்குத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

நம் ஊர் ஆய்வகங்களில் எம்2 குப்பியை வாங்கிச் சோதனை தொடங்கும் மாணவர்களுக்கும் இதையே சொல்வேன். விற்பவரிடம் தூய்மைச் சான்றை மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். யூனிட் கணக்கை எந்த நிலையில் அளந்தார்கள் என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால், முதல் வாரத்தை மருந்துச் சோதனைக்குச் செலவிடாமல், பெப்பை ஏற்றி இறக்கி, முடுக்கியோடும் இல்லாமலும் நீங்களே ஒரு வரைபடம் போட்டுவிடுங்கள். அதன்பிறகு வரும் ஒவ்வொரு எண்ணையும் அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டே எழுதுங்கள்.